ஆர்சி 15 வருஷம், பிஸ்டன் எத்தனை வருஷம்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

எனக்கு திருத்துறைப்பூண்டி பக்கம் கடைமடை கிராமம், அஞ்சு ஏக்கர்ல சம்பா போடுறேன். என்கிட்ட ஒரு பழைய ஆஃப்ரோடு பைக் இருக்கு, 150 சிசி, 2012 மாடல், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, இப்போ அந்த மாடலையே கம்பெனி நிறுத்திடுச்சு. வாங்கினப்போ மலையே இல்லாத ஊருக்கு எதுக்குடா இந்த வண்டின்னு எல்லாரும் கேட்டாங்க. 2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா புயல் அடிச்சு ஓஞ்சதுக்கு அப்புறம் யாரும் கேக்கல. ரோடு பூரா தென்னை, புளியமரம், கரண்ட் கம்பம்னு விழுந்து கெடக்கு, காரும் போகல சாதா வண்டியும் போகல, இது மட்டும்தான் வாய்க்கால் கரையில ஏறி எறங்கி போச்சு, அம்மாவுக்கு சுகர் மருந்து, தெருவுக்கே மெழுகுவத்தி, பச்சப் புள்ளைங்களுக்கு பால் பவுடர்னு நாலு நாள் ஓடினேன். அந்த வண்டி போன ஆடியில இன்ஜின் சுத்த முடியாம இறுகிப் பிடிச்சு நின்னுடுச்சு. அதுல நான் பட்ட பாடு என்னோட முடிஞ்சு போற விஷயம் இல்லன்னுதான் எழுதுறேன்.

ஜூன் 12 மேட்டூர் திறந்தாலும் எங்க கடைமடைக்கு தண்ணி வந்து சேர நாள் ஆகும், வந்துச்சா வரலையான்னு முள்ளியாத்துக் கரையோட போயி ஷட்டர பாத்துட்டு வர்றது வழக்கம். அன்னிக்கு மத்தியானம் ஃபர்ஸ்ட் கியர் செகண்ட் கியர்லயே ஒரு மணி நேரம் உருட்டிக்கிட்டு போறேன், திடீர்னு இழுவை கம்மியாச்சு, த்ராட்டில முறுக்குனா சத்தம் மட்டும் வருது, டிக் டிக்குனு ஒரு தட்டுற சத்தம் வேற, என்னன்னு நெனைக்கிறதுக்குள்ள பின் சக்கரம் லாக் ஆகி இழுத்துக்கிட்டு போச்சு. சட்டுனு கிளட்ச புடிச்சதால விழாம நின்னேன், பைக் ஓட்டுற எல்லாரும் இத மனசுல வச்சுக்கணும், ஓடிக்கிட்டு இருக்கும்போது இன்ஜின் பிடிச்சா பிரேக்குக்கு முன்னாடி கிளட்ச்.

கிக்கர மிதிச்சா கல்லு மாதிரி இருக்கு. கரையில ஆடு மேச்சுக்கிட்டு இருந்த பசங்க ஓடி வந்து வாய்க்கால் தண்ணிய அள்ளி ஊத்தவான்னு கேட்டாங்க, வேண்டாம்னுட்டேன், அவ்வளவு சூட்டுல பச்சத் தண்ணி பட்டா பிளாக் (பிஸ்டன் ஏறி எறங்குற சிலிண்டர்) வெடிக்கும். முக்கா மணி நேரம் ஆறவிட்டு ஆயில் குச்சிய எடுத்துப் பாத்தா நுனியில கூட ஒட்டல. மச்சானுக்கு போன் போட்டு குட்டியானைய வரவச்சு ஏத்திக்கிட்டு வந்தோம்.

காரணம் ஒன்னு இல்ல, மூணு சேந்துக்கிச்சு. ரெண்டு மாசமாவே காலையில ஸ்டார்ட் பண்ணா சைலன்சர்ல நீலமா புகை வந்துச்சு, ஆயில் எரியுதுன்னு அர்த்தம், பாத்துட்டு விட்டுட்டேன். அதுக்கு மொத நாள் வயல்ல எறங்கினதுல நம்ம களிமண் சேறு இன்ஜின் வெளிப்பக்கம் வரிவரியா இருக்குற ஃபின் இடுக்குல எல்லாம் அப்பி, வெயில்ல காஞ்சு செங்கல் மாதிரி ஆயிடுச்சு. இது ஏர் கூலிங் இன்ஜின், ரேடியேட்டர் கெடையாது, காத்து அந்த ஃபின் இடுக்குல பூந்து வந்தாத்தான் சூடு எறங்கும். மூணாவது, லோ கியர்ல மெதுவா போனா காத்தும் கம்மி. ஆயிலும் இல்ல காத்தும் இல்லன்னா பிஸ்டன் விரிஞ்சு பிளாக்குல ஒட்டிக்கும்.

சர்வீஸ் சென்டருக்கு (பேரு வேண்டாம், திட்டுறதுக்காக எழுதல) கொண்டுபோனா ஹெட்ட கூட கழட்டிப் பாக்கல, "அண்ணே இந்த மாடலுக்கு பிளாக் பிஸ்டன் செட்டு வர்றது நின்னு போச்சு, எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டு புதுசு எடுத்துக்கங்க"ன்னாங்க. எனக்கு எங்க வலிக்குதுன்னா இங்கதான் ஐயா. வண்டிய ரிஜிஸ்டர் பண்ணும்போது ஆர்சி 15 வருஷத்துக்கு குடுக்குறாங்க, அதுக்கப்புறமும் வண்டி நல்லா இருந்தா அஞ்சு வருஷம் புதுப்பிச்சுக்கலாம்னு சட்டம் சொல்லுது. என் வண்டிக்கு 2027 வரைக்கும் ஆர்சி இருக்கு. வரி கட்டியாச்சு, வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டுறேன். ஓட்டலாம்னு அரசாங்கம் சொல்ற வண்டிக்கு பிஸ்டன் இல்லன்னு கம்பெனி சொன்னா அந்த ஆர்சிக்கு என்ன மதிப்பு?

2022 ஜூலையில மத்திய நுகர்வோர் துறை ரிப்பேர் பண்ணிக்கிற உரிமைக்காக ஒரு கமிட்டி போட்டுச்சு, செல்போன், வீட்டு சாமான், விவசாயக் கருவியோட மோட்டார் வண்டியும் அதுல இருக்கு, அப்புறம் ஒரு போர்ட்டலும் தொடங்கினாங்க. நல்ல விஷயம். ஆனா போர்ட்டல்ல போன் நம்பரும் மேனுவலும் இருந்தா போதாது, ஆர்சி எத்தனை வருஷத்துக்கு செல்லுமோ அத்தனை வருஷம் முக்கியமான இன்ஜின் பார்ட்ஸ் வச்சே ஆகணும்னு கட்டாயம் ஆக்கணும். நம்ம எம்பிக்கள் இத சபையில பேசணும்னு உங்க பத்திரிகை வழியா கேட்டுக்கிறேன்.

கடைசியில என் வண்டிய காப்பாத்துனது மன்னார்குடியில ஒரு லேத் பட்டறை. அங்க இருக்குற பெரியவர் பிளாக்க கழட்டி உள்ள வெரல விட்டுத் தடவிப் பாத்துட்டு, "தம்பி, கோடு ஆழமா விழுந்துருக்கு, ஆனா கிராங்க் நல்லா இருக்கு, பிஸ்டன தாங்குற கனெக்டிங் ராடு ஆட்டம் இல்ல, இத யாரு காயலாங்கடைக்கு போடச் சொன்னது"ன்னு கேட்டாரு. பிளாக்க உள்ள கடைஞ்சு ரீபோர் பண்ணி 0.25, 0.50 மில்லிமீட்டர்னு ஓவர்சைஸ் பிஸ்டன் போடுறதுதான் வழக்கம், அந்த பிஸ்டன் கிடைக்காததால பிளாக்க சூடு பண்ணி உள்ள புது ஸ்லீவ், அதாவது குழாய் மாதிரி உறை, எறக்கி, அதே அளவுல வேற ரோடு வண்டி பிஸ்டன் செட்டாகுதான்னு பின் சைஸ், ஒசரம் எல்லாம் கேஜ் வச்சு அளந்து பாத்து மாட்டினாரு, வால்வு சீலும் மாத்தினாரு. மொத்தம் எட்டாயிரத்துச் சில்லறை. அவருகிட்ட வேலை கத்துக்க இப்போ ஒரு பையன் கூட இல்ல, அது எனக்கு ரொம்ப கவலையா இருக்கு.

ஐப்பசி மழை வர்றதுக்குள்ள இந்தக் கடிதத்தப் போட்டீங்கன்னா இன்னும் ரெண்டு பேருக்கு பிரயோஜனம். வெள்ளத்துல எறங்கி வண்டி நின்னா தயவு செஞ்சு செல்ஃப் அமுக்காதீங்க. சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா பிஸ்டனால அத அமுக்கிச் சுருக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக்க கழட்டிட்டு கிக்கர மெதுவா மிதிச்சா தண்ணி வெளிய வந்துடும், ஏர் ஃபில்டர காய வைங்க, ஆயில் பால் டீ கலர்ல இருந்தா மாத்தாம ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஆயில் அளவ வண்டிய நேரா நிமித்தி வச்சுத்தான் பாக்கணும், சைடு ஸ்டாண்டுல பாத்தா தப்பா காட்டும். கார் ஆயில் மிச்சம் இருக்குன்னு ஊத்தக்கூடாது, கிளட்ச் வழுக்கும், டப்பாவுல ஜாசோ எம்ஏன்னு (கிளட்ச் வழுக்காத பைக் ஆயிலுக்கான தர அடையாளம்) இருக்கான்னு பாத்து வாங்குங்க. வயல்லேந்து ஏறுனதும் சேறு காயறதுக்குள்ள, இன்ஜின் ஆறுனதும், ஃபின் இடுக்க கழுவிடுங்க.

என் வண்டி இப்போ புது பிஸ்டன் பழகுற ரன்னிங் இன்ல இருக்கு, 700 கிலோமீட்டர் ஆச்சு, ஆயிரம் வரைக்கும் முறுக்கக்கூடாதுன்னு பெரியவர் சொல்லிருக்காரு. தெனம் காலையில குச்சிய எடுத்துப் பாத்துட்டுத்தான் கரைக்கு கெளம்புறேன்.

இப்படிக்கு,
ஒரு கடைமடை விவசாயி,
திருத்துறைப்பூண்டி பக்கம்.