லண்டனிலும் நம்ம புவாரோதான்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முட்டிவலி பரவாயில்லையா? வேலூரில் அனல் அடிக்கிறது என்று தம்பி சொன்னான், இங்கே மே மாதத்திலும் ஸ்வெட்டரோடுதான் டூட்டிக்குப் போகிறேன். கத்திரிக்காய் பலூன் மாதிரி ஊதிக் கிடக்கிறது, இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு நாக்கு ஏங்குகிறது.

சரி, எழுத உட்கார்ந்ததே வேறு விஷயத்துக்கு. எங்கள் முதியோர் இல்லத்தில் ஞாயிறு மதியம் எல்லாரையும் டிவி முன்னால் உட்காரவைப்போம். போன வாரம் நம்ம ஆள் வந்தார் அப்பா! பீட்டர் உஸ்தினோவ். நைல் கப்பலில் கொலை நடக்குமே, அந்த 1978 படத்தை நீங்கள் கேசட் எடுத்துவந்து காட்டினீர்களே, அதே துப்பறியும் புவாரோ வேஷத்தில். 1982இல் இன்னொரு சினிமா, அதற்கப்புறம் அமெரிக்க டிவிக்காக அவரையே வைத்து மூன்று படம் எடுத்திருக்கிறார்கள். இது முதலாவது, 1985இல் வந்த 'தர்ட்டீன் அட் டின்னர்'.

கப்பல், பாலைவனம் எதுவும் கிடையாது. 1933இல் வந்த அகதா கிறிஸ்டி நாவலை 1980களின் லண்டனுக்கு மாற்றி, புவாரோவை டேவிட் ஃப்ராஸ்டின் டிவி பேட்டியில் உட்காரவைத்திருக்கிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் முடிச்சு பிரமாதம். பிரபு ஒருவர் கொலையாகிறார், விவாகரத்து கேட்ட அவர் மனைவியை அந்த வீட்டில் பார்த்ததாகச் சாட்சி இருக்கிறது, அவளோ அதே நேரத்தில் ஒரு விருந்தில் இருந்திருக்கிறாள். அச்சாக அவளைப் போலவே மிமிக்ரி செய்யும் பெண் ஒருத்தி வேறு. இரண்டு பேருமே ஃபே டன்அவே. இன்ஸ்பெக்டர் ஜாப்பாக வரும் டேவிட் சூஷேதான் 1989 முதல் 2013 வரை டிவியில் புவாரோவாகவே நடித்தாராம். பக்கத்தில் இருந்த பாட்டிக்கு அவர்தான் புவாரோ, உஸ்தினோவ் ஆகவே ஆகாது. நான் விட்டுக்கொடுக்கவில்லை.

சின்ன வயதில் புவாரோவின் மீசையை மட்டும்தான் பார்த்தேன். முதல் உலகப் போரில் அகதியாக இங்கிலாந்து வந்தவர் என்பது அப்போது மனதில் பதியவே இல்லை. யாராவது பிரெஞ்சுக்காரரா என்று கேட்டால் சளைக்காமல் பெல்ஜியம் என்று திருத்துவார் இல்லையா, என்னையும் இங்கே சென்னையா, சென்னையா என்கிறார்கள், நானும் ஒவ்வொரு தடவையும் வேலூர் என்றுதான் சொல்கிறேன்.

பாதிப் படத்தில் பஸ் டிக்கெட் பின்னால் கொலையாளி பெயரை எழுதி மடித்து வைப்போமே, இங்கேயும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினேன். முதல் தடவையாக நான் எழுதினது சரி அப்பா! பிரித்துக் காட்டத்தான் நீங்கள் பக்கத்தில் இல்லை. தம்பியைப் படத்தைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். விருந்துக் காட்சி முடிந்ததும் நிறுத்திவிட்டு, நீங்கள் நினைக்கும் கொலையாளி பெயரை எழுதி அனுப்புங்கள்.

உங்கள் மகள்