பாலூட்டும் அறையின் சாவி யாரிடம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் தாய்மை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'இன்றைய தாய்மார்கள் பிள்ளைகளை ஆயாவிடமும் செல்போனிடமும் ஒப்படைத்துவிட்டார்கள். நம் அம்மாக்கள் அப்படியா வளர்த்தார்கள்?' என்று கேட்டிருக்கிறார் கட்டுரையாளர். எனக்கு வயது 63. அவர் மெச்சும் அம்மாக்கள் வரிசையில் நானும் இருக்கிறேன் என்பதால் பதிலை நானே சொல்லிவிடுகிறேன். ஜவுளிக்கடையில் காலையில் போய் நின்றால் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் கால் மடக்குவேன். வீடு வருவதற்குள் பிள்ளைகள் தூங்கியிருக்கும். இரண்டையும் வளர்த்தது என் மாமியாரும் பக்கத்து வீட்டு அக்காவும்தான். மாமியார் சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொண்டால் அது பண்பாடு, என் மகள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்தால் மட்டும் பாவமா?

ஏழாம் மாத வயிற்றோடு நின்றுகொண்டே புடவை விரித்துப் போட்டவள் நான். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியதே 2021-இல்தான். அதுவரை எங்கள் தாய்மையைப் போற்றி யாரும் ஒரு ஸ்டூல்கூடப் போடவில்லை.

மகள் தனியார் நிறுவனமொன்றில் கணக்கு எழுதுகிறாள். சம்பளத்தோடு 26 வார விடுப்பு என்று 2017-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், சந்தோஷம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் தினம் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் அதே திருத்தம்தான் சொல்கிறது. அதைக் கேட்டதற்கு, 'அதெல்லாம் பெரிய கம்பெனிக்கும்மா' என்றாராம் மேலாளர். அங்கே வேலை பார்ப்பவர்கள் எண்பது பேருக்கு மேல்! தமிழக அரசு ஊழியராக இருந்தால் ஓராண்டு விடுப்பு. கட்டட வேலைக்குப் போகும் சித்தாளுக்கு எத்தனை நாள்? நீங்கள் அறியாததா இதெல்லாம்?

கட்டுரையை இரண்டு முறை படித்தும் அப்பா என்ற மனிதர் எங்குமே தென்படவில்லை. வெளியூர் போயிருப்பார் போலும். தனியார் வேலையில் இருக்கும் அப்பாவுக்குப் பிள்ளை பிறந்ததற்கென்று சட்டப்படி ஒரு நாள் விடுப்புகூடக் கிடையாது என்பதையாவது எழுதியிருக்கலாம். உங்கள் மகளிர் பக்கமும் அப்படித்தான். 'வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பத்து நிமிடச் சமையல்' வருடக்கணக்காக வருகிறது. அந்தப் பத்து நிமிடத்தை ஆண்களுக்கு யாரும் இன்னும் ஒதுக்கவில்லை. அன்னையர் தினம் வந்தால் முழுப் பக்கத்துக்கு நகைக்கடை விளம்பரம் வேறு.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்தது ஒன்றுதான். 2015-இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்களே, எங்கள் ஊர் அறை பூட்டியே கிடக்கிறது. கைக்குழந்தையோடு மகள் வந்து இறங்கிய அன்று டைம் கீப்பரைக் கேட்டோம், நகராட்சியைக் கேளுங்கள் என்றார். நகராட்சியில் கேட்டால் டைம் கீப்பரிடம் இருக்கும் என்கிறார்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன், துடைப்பமும் பினாயில் கேனும் உள்ளே சௌகரியமாக இருந்தன. சட்டத்தை எல்லாம் டெல்லியில் பார்த்துக்கொள்ளட்டும். தாங்கள் உள்ளூர் நிருபரை அனுப்பி, அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று விசாரித்து, மூன்றாம் பக்கத்தில் ஒரு மூலையில் போட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி