டீன் ஸ்லோவுக்கு நான்கே வரியா?

அன்புள்ள மீனா,

அமெரிக்காவின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவியர் டீனாக இருந்த லூசி டிக்ஸ் ஸ்லோ பற்றிய உன் வரைவைப் படித்தேன். டென்னிஸுக்கு இரண்டு பக்கம், டீன் வேலைக்கு நான்கு வரியா? 1917இல் பால்டிமோரில் டென்னிஸ் பட்டம் வென்று, கறுப்பினப் பெண்களில் முதல் தேசிய சாம்பியன் ஆனார், சரிதான். அதை ஒரு பத்தியில் முடி. இன்னொன்று, இரண்டு இடத்தில் 'ஹார்வர்ட்' என்று விழுந்திருக்கிறது. அவர் படித்ததும் பணியாற்றியதும் வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட்.

ஹோவர்டில் பிறந்த கறுப்பின மாணவியர் சங்கமான ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவை அவர் தனியாக நிறுவவில்லை. 1908 ஜனவரி 15 அன்று தொடங்கியவர்கள் ஒன்பது மாணவிகள். யோசனை எத்தல் ஹெட்ஜ்மனுடையது. ஸ்லோ விதிமுறைகள் எழுதக் கைகொடுத்தார், முதல் தலைவரும் ஆனார். பெயரையும் சின்னத்தையும் மாற்றக் கேட்டவர்கள் பிரிந்துபோய் 1913இல் டெல்டா சிக்மா தீட்டா என்ற தனிச் சங்கம் தொடங்கிய சண்டையில் அவரை இழுக்காதே. அவர் பட்டம் வாங்கி வெளியேறியது 1908இலேயே.

நீ விரிக்க வேண்டிய இடம் 1922. வாஷிங்டனில் ஷா ஜூனியர் ஹைஸ்கூல் முதல்வராக இருந்தவரை ஹோவர்ட் மாணவியர் டீனாக அழைத்தபோது, வளாகத்துக்கு வெளியேதான் குடியிருப்பேன் என்று முன்கூட்டியே பேசி முடித்துக்கொண்டு சேர்ந்தார். மாணவியர் டீன் என்றால் ஹாஸ்டல் வார்டன் என்றே எல்லோரும் நினைத்த காலம். ஸ்லோ அதைக் கல்விப் பதவியாக்கப் பார்த்தார். பெண்கள் ஆசிரியர் வேலையோடு நின்றுவிடாமல் பொருளாதாரமும் அரசியலும் படிக்க வேண்டும் என்று 1933இல் கட்டுரையே எழுதினார். 1931இல் மாணவியருக்கென மூன்று விடுதிகள் எழுந்ததிலும் அவர் பங்கு உண்டு.

மோதல் மொர்டெகாய் ஜான்சன் பல்கலைக்கழகத் தலைவராக வந்த பிறகு. 1933இல் ஸ்லோவை வளாகத்துக்குள் குடிவரச் சொன்னார்கள். இதை 'வீட்டுப் பிரச்சினை' என்று எழுதியிருக்கிறாய், அது பொருந்தவில்லை. உள்ளே குடியேறினால் இரவுபகலாகக் காவல் காக்கும் வார்டன் வேலைதான் மிஞ்சும், பதினோரு வருடம் கட்டியது போய்விடும். அதனால்தான் அசையவில்லை. 1937 அக்டோபரில் இறக்கும்வரை பதவியையும் விடவில்லை, வளாகத்துக்கு வெளியே ப்ரூக்லண்ட் பகுதியில் இருந்த வீட்டையும் விடவில்லை.

அந்த வீட்டில் உடன் வாழ்ந்த மேரி பர்ரில்லை 'அறைத்தோழி' என்று ஒரு சொல்லில் கடந்திருக்கிறாய். அவர் நாடகாசிரியர், ஆசிரியை. இருவரும் சேர்ந்து வாழ்ந்தது கால் நூற்றாண்டு. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அவருக்கு ஒரு பத்தி கொடு. மறுவரைவை அச்சுக்கு முன் அனுப்பு.

அன்புடன்,
சரோஜா