பழைய பாறையும் அசையும்

ஆசிரியருக்கு வணக்கம். தென்னிந்தியா பழமையான பாறைமீது இருப்பதால் நிலநடுக்கக் கவலை வேண்டாம் என்ற தொனியில் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். பாறை பழையதுதான், சரி. ஆனால் அசையாமல் கிடக்கவில்லை. இந்தியா, ஆப்பிரிக்கா, அண்டார்க்டிகா எல்லாம் ஒன்றாக இணைந்திருந்த கோண்டுவானா என்ற பழம்பெரும் நிலப்பரப்பு பிளந்தபோது அந்தப் பாறை உடைந்து துண்டு துண்டாக இறங்கியதில்தான் காவிரிப் படுகையே உருவானது. நம் வயல்களுக்கு வெகு ஆழத்தில் மேடும் பள்ளமுமாக அந்தப் பிளவுகள் புதைந்திருப்பதை எண்ணெய்த் தேடலே காட்டிவிட்டது. இத்தகைய பழைய பிளவுகள் பின்னாளில் மறுபடி நகரக்கூடும். உறுதியானது என்று நம்பப்பட்ட தக்காணத்தில்தான் 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதி நிலநடுக்கத்தால் சிதைந்தது. 1900இல் கோவையும் குலுங்கியது.

2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் நிலம் அதிர்ந்தபோது, சீர்காழியில் எங்கள் வீட்டுப் பரணில் இருந்த பித்தளைப் பாத்திரங்கள் கலகலத்தன. பீதி கிளப்புவது என் நோக்கமல்ல. டெல்டாவில் ஆபத்து குறைவுதான். ஆனால் இளகிய வண்டல் மண் அதிர்வைப் பெரிதாக்கும். எனவே மேல்நிலைத் தொட்டியோ பள்ளிக் கட்டடமோ கட்டுமுன் ஆழமான மண் பரிசோதனை நடத்தி, அதன் முடிவை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட அரசு உத்தரவிடலாம்.

- ஒரு வாசகர், சீர்காழி