காடிக்கோய் கேலரிக்கு ஒரு திறந்த மடல்

இஸ்தான்புல் நகரின் காடிக்கோய் பகுதியில் ஆடும் ஃபெனர்பாச்சே கால்பந்து கிளப்பின் ரசிகர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஆட்டங்களைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு டிவியில் பார்க்கும் தமிழன் எழுதுகிறேன். ஒரு கோரிக்கை இருக்கிறது.

உங்கள் கிளப்பின் கதையை 1907-இல் தொடங்குகிறீர்கள். 1923 ஜூனில், இஸ்தான்புலைப் பிடித்து வைத்திருந்த பிரிட்டிஷ் படையினரின் அணியை 2–1 என்று வென்று ஹாரிங்டன் கோப்பையைத் தூக்கியதை இன்றும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறீர்கள். அந்த இரண்டு கோலும் உங்கள் ஆட்டக்காரர் ஜெகி ரிஸா போட்டவை. சரி, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் உட்கார்ந்து கத்தும் அதே மண்ணில், கிளப் பிறப்பதற்கு முன்பே ஃபுவாத் ஹுஸ்னு என்ற துருக்கியர் ஒருவர் ஆடித் தோற்றிருக்கிறார். அந்தத் தோல்வியையும் கொண்டாடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

உங்கள் மைதானம் அப்போது 'பாதிரியார் புல்வெளி' என்ற திடல். ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் ஆட்சி. நாலு இளைஞர்கள் ஒன்றாக நின்றாலே சதி என்று சந்தேகப்பட்ட அரண்மனை அது, ஊரெங்கும் ஒற்றர்கள். ஆங்கிலேயரும் கிரேக்கரும் காடிக்கோயிலும் பக்கத்து மோடாவிலும் தாராளமாகப் பந்து உதைத்தார்கள். துருக்கிய முஸ்லிம் பையன்கள் மட்டும் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டும்.

ஃபுவாத் ஹுஸ்னுவுக்கு வேடிக்கை பார்த்துப் போதவில்லை. இத்தனைக்கும் அவர் அட்மிரல் ஒருவரின் மகன், தானும் கடற்படைக்காரர். மாட்டினால் வேலை போகும், அப்பாவின் பெயரும் கெடும். இருந்தும் நண்பர் ரெஷாத் தான்யாலோடு சேர்ந்து ஓர் அணி கட்டினார். ஒற்றர்கள் ஏதோ வெள்ளைக்காரர் கூட்டம் என்று நினைக்கட்டும் என்று அதற்கு 'பிளாக் ஸ்டாக்கிங்ஸ்' என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்தார்கள். கறுப்புக் காலுறைக்காரர்கள்!

1901 அக்டோபர் 26 அன்று ஒரு கிரேக்க அணியோடு மோதினார்கள். 1–5 என்று செமத்தியான உதை. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, போலீசும் வந்துவிட்டது. ஒரே மாதிரி உடை, எதிரும் புதிருமாக நட்ட கம்பங்கள், நடுவில் ஒரு பந்து. இதில் என்ன ராஜத்துரோகம் என்று உங்களுக்கும் எனக்கும் சிரிப்பு வரும். ஃபுவாத் ராணுவ விசாரணையில் போய் நிற்க வேண்டியதாயிற்று. ஒரே ஆட்டத்தோடு அணி கலைந்தது.

வேறு யாராக இருந்தாலும் அதோடு பந்தை மறந்திருப்பார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? ஆங்கிலேயர்கள் ஆடிய காடிக்கோய் அணியில் 'பாபி' என்ற பெயரில் சேர்ந்துகொண்டார். ஆட்டக்காரர்களின் பட்டியலைப் பார்க்கும் ஒற்றனுக்கு இன்னொரு வெள்ளைக்காரப் பெயர், அவ்வளவுதான். சொந்த ஊரில், வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில், அந்நியன் வேஷம் போட்டுப் பந்து உதைத்தவர் அவர். எனக்கு ஹாரிங்டன் கோப்பையை விட இதுதான் பெரிய துணிச்சலாகத் தெரிகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

1908-இல், சுல்தான் முடக்கி வைத்திருந்த அரசியல் சட்டம் திரும்பி வந்தபின்தான் உங்கள் கிளப்பே வெளிச்சத்துக்கு வந்தது. அதன் ஆரம்பகாலத் தலைவர்களில் ஒருவரான ஹமித் ஹுஸ்னு, ஃபுவாதின் உடன்பிறந்தவர். ஆக, பாபி உங்களுக்கு வேற்றாள் இல்லை. பின்னாளில் எல்லாரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற சட்டம் வந்தபோது அவர் ஃபுவாத் ஹுஸ்னு கயாஜான் ஆனார்.

இன்னொன்றும் கவனித்தேன். துருக்கி தேசிய அணியின் முதல் ஆட்டம் நடந்த தேதியும் அக்டோபர் 26 தான். 1923-இல், குடியரசு அறிவிக்கப்படுவதற்கு மூன்று நாள் முன்பு, இஸ்தான்புலின் தக்ஸிமில் ருமேனியாவோடு 2–2. இரண்டு கோலும் மறுபடி உங்கள் ஜெகியே. ஒளிந்து ஆடிய ஆட்டத்துக்கும் நாட்டின் பெயரில் ஆடிய ஆட்டத்துக்கும் நடுவே சரியாக 22 வருடம்.

அதனால் அந்தத் தேதியை ஒட்டி உங்கள் சொந்த மைதானத்தில் வரும் ஆட்டத்தில் ஒரு பெரிய துணி விரியுங்கள். 'பாபி' என்று எழுதுங்கள், கீழே 1–5 என்று கோல் கணக்கையும் மறைக்காமல் போடுங்கள். எழுத்து மஞ்சளா, கருநீலமா என்பதை நீங்களே சண்டை போட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். காலுறை மட்டும் கறுப்பாக வரையுங்கள்.

அன்புடன்,
தொலைதூரத்து ரசிகன்