பேயே சாட்சி சொன்னால் துப்புக்கு என்ன வேலை?

ஆசிரியருக்கு,

மந்திரம் பழகும் இளம் கான்ஸ்டபிள் ஒருவர் இலண்டனில் கொலையைத் துப்பறியும், பென் ஆரனோவிச்சின் ‘ரிவர்ஸ் ஒஃப் லண்டன்’ (2011) நாவல் பற்றி உங்கள் பக்கத்தில் வந்த கடிதங்களில் ஒரே குறைதான் திரும்பத் திரும்ப வருகிறது: கொலையைக் கண்ட சாட்சியே பேய் என்றால் துப்பறிய என்ன மிச்சம்? இது பழைய வழக்கு. 1929இல் ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நொக்ஸ் துப்பறியும் கதைக்கு வகுத்த 10 விதிகளில் இரண்டாவது, இயற்கைக்கு மீறிய சக்திகளை உள்ளே விடாதே என்பது. (இத்தனைக்கும் அவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர்.)

வாசகரை ஏமாற்றக்கூடாது என்பதே அந்த விதியின் உயிர். கொலை நடந்து 200 பக்கம் போன பிறகு, ஒரு பாத்திரத்தைக் காட்டி ‘அவருக்குச் சுவருக்குள்ளால் நடக்கத் தெரியும்’ என்றால் அது ஏமாற்று. அதையே முதல் அத்தியாயத்தில், கொலையோடு ஒட்டாத ஓரிடத்தில் காட்டி, ஈரச்சுவரில் மட்டும் அது பலிக்காது என்பதையும் போகிற போக்கில் போட்டுவிட்டால் அது துப்பு. கொலை நடந்த இரவு மழை என்று படித்ததுமே கூர்மையான வாசகர் அவரைச் சந்தேகப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுவார்.

இந்த நாவல் அந்தக் கணக்கில் பெரும்பாலும் தேறுகிறது. பேய் சொன்னதைப் பொலிஸ் அறிக்கையில் எழுத முடியாது. அந்த இளம் கான்ஸ்டபிள் வேறு சான்று தேடியே ஆகவேண்டும். மந்திரம் செய்தால் பக்கத்தில் இருக்கும் கைத்தொலைபேசியின் சில்லு மணலாகிவிடும். அளவு மீறினால் செய்தவரின் மூளையே கெடும். குறை சொன்னவர்கள் இந்த விலையைக் கவனிக்கவில்லை. ஆனால் தேம்ஸ் ஆற்றுத் தெய்வங்களின் சண்டையும் கொலை விசாரணையும் தனித்தனி வண்டிகளாக ஓடுகின்றன என்று எழுதிய வாசகரோடு எனக்கும் உடன்பாடுதான். ஒன்றை உருவினால் மற்றது அவிழ வேண்டும், இங்கே அவிழவில்லை.

இதை வன்னியில் எழுத முடியுமா என்று கேட்டிருந்தார்கள். முடியும், இலண்டன் பனிமூட்டத்தைத் தூக்கிவராவிட்டால். அங்கே ஃபிளீட் ஆறு நகருக்கடியில் சாக்கடையாக ஓடி, பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தடியில் தேம்ஸில் விழுகிறது. மறைந்த ஆறு என்பதால் அதற்கு ஒரு தெய்வம் பொருந்துகிறது. இங்கே கனகராயன் ஆற்றை இரணைமடுக் குளத்தில் மறித்திருக்கிறோம். துருசு (மதகு) எப்போது திறந்தது, குளம் நிரம்பி வான் எப்போது பாய்ந்தது என்பது கமக்காரர் எல்லாருக்கும் தெரியும். துருசு பூட்டிக் கிடந்த கிழமையில் வாய்க்காலில் சடலம் என்றால், தண்ணீர் கொண்டுவந்திருக்காது. ஏ9 வீதியில் வருகிற வாகனங்கள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்று தேங்காய் உடைத்துவிட்டுப் போவது வழமை. அன்று நிற்காமல் போன லொறி எது? கச்சான் விற்கிற அம்மாவிடம் கேட்டால் தெரியும். இந்தத் துப்புக்கு மந்திரமே தேவையில்லை.

மாயத்துக்கு வரம்பு போடுவது எப்படி என்று பழக, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலைப் பார்த்தால் போதும். வைகாசியில் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரிப்பார்கள். ஒரு வாரம் கழித்துக் கண்ணகி அம்மனுக்குப் பொங்கல். எந்த நீர், எந்த இடம், எந்த மாதம், எத்தனை நாள் எல்லாம் கட்டப்பட்டிருக்கின்றன. கற்பனை மந்திரத்துக்கும் இந்த நான்கையும் எழுத்தாளர் தாளில் குறித்து வைத்துக்கொண்டுதான் கொலையைத் தொடங்கவேண்டும். கோயிலின் அற்புதத்தையே கொலைக் கருவியாக்கினால் ஊர் மன்னிக்காது என்பது வேறு கதை.

அதிகம் சறுக்குவது பேயில் அல்ல, நடைமுறையில். சந்தேக மரணம் என்றால் பொலிஸ் வரும், திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார், நீதிவானுக்கு அறிவிக்கப்படும், உடற்கூற்றுப் பரிசோதனைக்குச் சட்ட வைத்திய அதிகாரியிடம் சடலம் போகும். இவர்கள் ஒருவரும் இல்லாமல், கறுப்புக் கண்ணாடி போட்ட தனியார் துப்பறிவாளர் நேரே வந்து சடலத்தைப் புரட்டினால், மோகினியை நம்பிய வாசகர்கூட அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுவார்.

வாசகர்,
மாங்குளம்