மூடிய மலைப்பாதையில் இறங்கச் சொல்லும் உங்கள் வழிகாட்டிச் செயலி பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். உங்கள் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டி, போனை டேஷ்போர்டில் மாட்டி, அதை மட்டுமே நம்பி கார் ஓட்டுகிறவன் நான். நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு வழி கேட்டால் உங்கள் செயலி கல்லட்டி மலைப்பாதையைத்தான் முதல் வழியாகக் காட்டுகிறது. 36 கொண்டை ஊசி வளைவு, செங்குத்தான இறக்கம். அந்தப் பாதையில் வெளியூர் வண்டிகள் இறங்கக் கூடாது என்று போலீஸ் தடை போட்டு வருஷக்கணக்காகிறது. 2018ல் சென்னையிலிருந்து வந்தவர்களின் கார் அங்கே பள்ளத்தில் உருண்டு ஐந்து பேர் இறந்துபோனார்கள், கார் கிடந்த இடம் தெரியவே இரண்டு நாள் ஆனது. நீலகிரியில் டீக்கடைக்காரருக்குக்கூட இது தெரியும். உங்கள் செயலிக்குத் தெரியவில்லை.

போன மாதம் வயதான அப்பா அம்மாவோடு கோவையிலிருந்து போனோம். தலைகுந்தாவில் போலீஸ் நிறுத்தி, கூடலூர் வழியாகப் போங்கள் என்றார்கள். சரி, அதுவும் நல்லதற்குத்தான். ஆனால் அதற்கப்புறம் பைக்காரா, நடுவட்டம் வரைக்கும் உங்கள் செயலி ‘யூ டர்ன் எடுங்கள்’ என்று சொல்லிக்கொண்டே வந்தது. பனி இறங்கிய மலை ரோட்டில், எதிரில் லாரி வரும்போது, யூ டர்ன்! நடுவில் சிக்னல் போனதும் புது வழியும் போடவில்லை, பழைய வழியையே காட்டிக்கொண்டு நின்றது.

இதைவிட மோசம் அடுத்தது. கூடலூரைத் தாண்டி தொரப்பள்ளி சோதனைச்சாவடி இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். புலிகள் காப்பகம், யானை குறுக்கே வரும் ரோடு, அந்தத் தடையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் 9 மணிக்கு மேல்தான் அந்த இடத்தைத் தாண்டுவோம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்த உங்கள் செயலி, அங்கே கேட் இருப்பதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. மசினகுடிக்கு எத்தனை மணிக்குச் சேர்வோம் என்பதை மட்டும் நிமிஷக் கணக்காகக் காட்டியது. கேட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாத்திரை சாப்பிட வேண்டிய அப்பாவை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் கூடலூரில் அறை தேடினோம். மசினகுடியில் முன்பதிவு செய்திருந்த பணமும் போனது.

திரும்பி வந்து புகார் அனுப்பினேன். ‘உறுதிப்படுத்த இயலவில்லை’ என்று மூடிவிட்டீர்கள். மறுபடி எழுதியதற்கு, போக்குவரத்து விதிகளைத் தெரிந்துகொள்வது ஓட்டுநரின் பொறுப்பு என்று பதில் வந்தது. ஒருவழிப்பாதையும் விதிதானே, அதை மட்டும் எப்படிக் காட்டுகிறீர்கள்? டோல்கேட் கட்டணம், வேகக் கேமரா எல்லாம் காட்டத் தெரிகிறது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் மாதிரி யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய வரைபடத்தில்கூட, எந்த நேரத்தில் எந்த வண்டிக்குத் தடை என்று குறித்து வைக்க வசதி இருக்கிறது. காசு வாங்கும் உங்களால் முடியாதா?

நான் புரிந்துகொண்டவரை சிக்கல் இதுதான். கல்லட்டியில் உள்ளூர்க்காரர்களின் வண்டிகளுக்குத் தடை இல்லை. அவர்கள் பையில் இருக்கும் போன்கள் தினமும் அந்த ரோட்டில் நகர்கின்றன. அதைப் பார்த்து, ரோடு திறந்திருக்கிறது, நெரிசலும் இல்லை என்று உங்கள் கணக்கு முடிவு செய்கிறது. அங்கே இறங்குகிறவர்கள் இரண்டாம் கியரைத் தாண்டாமல் எஞ்சின் பிடியிலேயே இறக்கத் தெரிந்தவர்கள். சமவெளியில் ஓட்டிப் பழகியவர் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே போனால், சூடேறி பாதி வழியில் பிரேக் பிடிக்காமல் போகும். கிலோமீட்டர் குறைவு என்பதற்காக அந்த ஆளை அங்கே அனுப்பாதீர்கள்.

இது ஒரே ஒரு ரோட்டின் பிரச்சினை மட்டும் இல்லை. பந்திப்பூர் வழியாக மைசூர் போகும் ரோட்டில் இரவு 9 முதல் காலை 6 வரை தடை 2009லிருந்து இருக்கிறது. சத்தியமங்கலம் பக்கத்துத் திம்பம் மலைப்பாதையில் இரவுத் தடைக்கு 2022ல் நீதிமன்ற உத்தரவே வந்தது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். இவை தினசரி மாறுகிற தகவல்கள் அல்லவே, ஒருமுறை உட்கார்ந்து ஏற்றினால் போதும்.

எனக்கு வேண்டியது இது. வெளியூர் வண்டிகளுக்குக் கல்லட்டி இறக்கத்தை வழியாகக் காட்டுவதை உடனே நிறுத்துங்கள். இரவில் மூடும் ரோடு வழியில் இருந்தால், வண்டி கிளம்பும் முன்பே திரையில் சொல்லுங்கள். மலைப்பாதையில் யூ டர்ன் எடுக்கச் சொல்லாதீர்கள். என் புகாரை நீலகிரியைத் தெரிந்த ஒரு மனிதர் படித்துப் பதில் எழுத வேண்டும், இயந்திரப் பதில் வேண்டாம். சந்தாப் பணத்தையும் வீணாய்ப்போன அறை வாடகையையும் திருப்பித் தர வேண்டும், ரசீதுகளையும் அன்றைய ஸ்கிரீன்ஷாட்களையும் இணைத்திருக்கிறேன். 15 நாளில் பதில் இல்லையென்றால் கோவை நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்,
கோயம்புத்தூர்